நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற செவிலியரின் பதில்கள்

1976ஆம் ஆண்டு, காவிரிப் பாசனப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையை ஒட்டிய பயிற்சிப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து, 2016இல் செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். தம் பெயரையும் பணியாற்றிய மருத்துவமனைகளின் பெயர்களையும் வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்த்திருக்கிறோம்.

நீங்கள் பயிற்சி பெற்ற காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அம்மா. "எங்கள் காலத்துப் பயிற்சியில் பாதிகூட உங்களுக்கு இல்லை" என்று எங்கள் ஆசிரியைகள் அடிக்கடி சொல்கிறார்கள். அது உண்மைதானா?
– செவிலியர் பட்டயப் படிப்பு மாணவி, திருவாரூர்

அப்போது பிளஸ் டூ கிடையாது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, ஓராண்டு பி.யூ.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பைப் படித்துவிட்டு நான் வீட்டில் இருந்தேன். என் தந்தை நெல் அரவை ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். எனக்குப் பின் மூன்று தங்கைகள். கல்லூரிக்குப் போனால் நாம் பணம் கட்ட வேண்டும். செவிலியர் பயிற்சிக்குப் போனால் அரசு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கும், தங்குவதற்கு விடுதியும் உண்டு. அதனால்தான் சேர்ந்தேன். சேவை செய்யும் ஆசையால் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அந்த ஆசை வேலையின் நடுவில், சில ஆண்டுகள் கழித்து எனக்குள் வந்தது. "கண்டவர் உடம்பையும் தொடுகிற வேலை, ராத்திரியில் வெளியே தங்குகிற வேலை" என்று உறவினர்கள் என் தந்தையிடம் சொன்னார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரு தகரப் பெட்டியையும் என்னையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வந்து விடுதி வாசலில் விட்டார்.

பயிற்சி மூன்றரை ஆண்டுகள்: பொதுச் செவிலியப் பயிற்சி மூன்று ஆண்டும், பேறுகாலப் பயிற்சி ஆறு மாதமும். முதல் மாதங்களில் எங்களை மருந்துப் பக்கமே விடவில்லை. படுக்கை விரித்தோம், லாக்கர் துடைத்தோம், பெட் பான் கழுவினோம், எழுந்திருக்க முடியாதவர்களுக்கு உடம்பு துடைத்துவிட்டோம். விரிப்பின் மூலையை உறையின் ஓரம் போலச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகும் வரை எங்கள் பயிற்சி ஆசிரியையான டியூட்டர் எங்களை நகர விடமாட்டார். ஒரு சுருக்கம் தெரிந்தாலும் முழுவதையும் உருவிவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வார். அது வெறும் கண்டிப்பு என்றுதான் அன்று நினைத்தேன். புரளக்கூட முடியாத ஒருவரின் முதுகுக்கு அடியில் அந்தச் சுருக்கம் இரண்டே நாளில் என்ன செய்யும் என்பதைப் பின்னர் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்த டியூட்டர் செய்த ஒரு காரியத்துக்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன். ஒரு நோயாளியின் படுக்கை அருகே எங்களை ஒரு நிமிடம் நிற்க வைப்பார்; பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பச் சொல்லிவிட்டு, "என்ன பார்த்தாய்?" என்று கேட்பார். காலைக் கஞ்சியைக் குடித்தாரா, டம்ளர் நிறைந்தபடியே இருக்கிறதா? நகம் என்ன நிறம்? எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார், ஏன்? பேசும்போது வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா? நானும் முதல் வாரத்தில் ஒன்றுக்குமே பதில் சொல்ல முடியாமல் நின்றவள்தான். ஆறு மாதம் கழித்து, வார்டுக்குள் நுழைந்து நடக்கும்போதே முப்பது படுக்கைகளில் எந்த இரண்டில் தொந்தரவு என்று தானாகக் கண்ணில் படத் தொடங்கியது. என் பணிக்காலம் முழுவதும் எனக்குச் சோறு போட்டது இந்த ஒரு பழக்கம்தான் என்று நம்புகிறேன்.

எங்கள் பயிற்சி கடினமானதுதான். ஆனால் கடினமாக இருந்தவை எல்லாம் நல்லவை அல்ல. இரண்டாம் ஆண்டிலேயே என்னை இரவுப் பணிக்கு ஒரு வார்டில் தனியாகப் போட்டார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள், தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் வேறு. எனக்கு வயது பத்தொன்பது. மூத்த செவிலியர் ஒருவர் நான்கு வார்டுகளுக்குப் பொதுவாகச் சுற்றி வருவார்; அவசரம் என்றால் ஆயாவை அனுப்பி அவரைத் தேட வேண்டும். அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் பற்றாக்குறையை மாணவிகளைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆகவே உங்கள் ஆசிரியைகளிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு: அந்த டியூட்டரின் கேள்வியை உங்களுக்குக் கொடுக்கட்டும், அந்த இரவுகளைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் எங்களைவிட உடலியலும் மருந்தியலும் நன்றாகப் படிக்கிறீர்கள். நோயாளியின் அருகில் நிற்கும் நேரம்தான் உங்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்று நான் கடைசியாகப் பார்த்த மாணவிகளிடம் உணர்ந்தேன். அந்த நேரத்தை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் மாநிலத்தில் செவிலியர் பயிற்சி எப்போது தொடங்கியது?
– பள்ளி ஆசிரியர், காஞ்சிபுரம்

முதலில் வந்தது மருத்துவச்சிப் பயிற்சி. இன்றைய எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையின் முன்னோடியான அரசுப் பிரசவ மருத்துவமனையில் 1854இல் அது தொடங்கியது. பின்னர் 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர்களுக்குப் பயிற்சி தரும் திட்டம் வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த செவிலியர்கள் அதை நடத்தினர், ஏற்கெனவே மருத்துவச்சிப் பயிற்சி முடித்திருந்தவர்களே முதல் மாணவிகளாகச் சேர்ந்தனர். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடரும் செவிலியர் டிலியா ஹூட்டனும் 1909இல் தொடங்கிய பள்ளி, 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்ந்தது. அதே ஆண்டில் டெல்லியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது.

இவற்றுக்கு இடையில் வந்த 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வழி செய்தது அந்தச் சட்டம். அகில இந்திய அளவில் செவிலியர் கழகத்துக்கான சட்டம் வந்தது 1947இல்தான். என் பதிவு எண் இன்றும் எனக்கு மனப்பாடம். என் வீட்டுக் கதவு எண்ணைக் கூடச் சில சமயம் யோசித்துத்தான் சொல்கிறேன்.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயாரை வீட்டில் வைத்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறது. தினமும் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்த்துவிடும்படி உறவினர் ஒருவர் சொன்னார். செய்யலாமா?
– வாசகர், கோவில்பட்டி

செய்ய வேண்டாம், தம்பி. உங்கள் உறவினர் சொன்னதையே எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான முதுகுகளை அப்படித் தேய்த்திருக்கிறேன். சிவந்த இடத்துக்கு அடியில் உள்ள சதை ஏற்கெனவே இரத்த ஓட்டம் இல்லாமல் நொந்திருக்கும். அழுத்தித் தேய்த்தால் அது மேலும் கெடும், ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்யும் என்று பின்னாளில் தெரிந்தது. காற்று நிரப்பிய ரப்பர் வளையத்தின் மேல் உட்கார வைப்பதும் அப்படிப்பட்ட பழைய பழக்கம்தான். வளையம் படும் இடமெல்லாம் அழுத்தம் கூடுகிறது என்பதால் அதையும் இப்போது தவிர்க்கச் சொல்கிறார்கள்.

சிவந்த இடத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள்; அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடமோ, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் உங்கள் பகுதிக்கு வரும் செவிலியரிடமோ காட்டுங்கள். நிறம் ஆழ்ந்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். அங்கே சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிவிடுங்கள். முழுப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் இடுப்பெலும்பின் முனையில் எடை முழுவதும் இறங்கும். ஆகவே முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்துச் சற்றே சாய்ந்த நிலையில் வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தொங்கவிடுங்கள். குதிகாலைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேலே நகர்த்தும்போது இழுக்காமல், இருவராக விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள். சிறுநீர் ஈரம் நிற்கக் கூடாது. முட்டை, பருப்பு, மோர் என்று புரதம் உள்ளவற்றை அவர் விழுங்கும் பக்குவத்தில் கொடுங்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும் என்பதால் நிமிர்த்தி உட்கார வைத்த பிறகே ஊட்டுங்கள். புரட்டிய நேரத்தைச் சுவரில் ஒரு தாளை ஒட்டி எழுதி வாருங்கள். தனியாளாக இரவும் பகலும் பார்ப்பவருக்கு எதை எப்போது செய்தோம் என்பது மூன்றாம் நாளே குழம்பிவிடும். அது உங்கள் குற்றம் அல்ல.

நாற்பது ஆண்டுகளில் மருத்துவமனையில் நீங்கள் பார்த்த மிகப் பெரிய மாற்றம் எது? எம்.ஆர்.ஐ. போன்ற கருவிகளைத்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

இல்லை, அம்மா. நான் சொல்வது ஓர் அறையைப் பற்றி.

நான் பயிற்சியில் இருந்தபோது, வார்டுகளிலிருந்து சற்று ஒதுங்கிய மூலையில் ரண ஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு, ஓர் இருட்டறை இருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எவர்சில்வர் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் போதும், கதவு இடுக்கு வழியே வெளிச்சம் விழுந்தாலும் போதும், படுத்திருப்பவரின் தாடை இறுகி, முதுகு வில்லாக வளைந்துவிடும். அந்த இழுப்பு நடக்கும்போது அவருக்கு முழு நினைவும் இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடிந்ததில்லை. வயலில் ஆணி குத்தியவர்கள், மண்வெட்டி பட்டவர்கள் வந்தார்கள். அவர்களைவிட அதிகமாக என் மனத்தில் இருப்பவை பச்சிளங்குழந்தைகள்.

பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தை, ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ திடீரென்று மார்பைக் கவ்வ முடியாமல் அழும். பிறகு அழவும் முடியாமல் உதடு சுருங்கி இறுகிவிடும். வீட்டுப் பிரசவத்தில் கையில் கிடைத்த அரிவாளாலோ பிளேடாலோ தொப்புள்கொடியை அறுத்து, புண் ஆறட்டும் என்று சாம்பலையோ சாணத்தையோ வைத்திருப்பார்கள். கெடுதல் செய்ய நினைத்தவர் ஒருவரும் இல்லை. பாட்டியின் பாட்டி சொன்னதைச் செய்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் கொடுப்போம், இழுப்பைத் தணிக்கும் மருந்து கொடுப்போம், இரவெல்லாம் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருப்போம். அப்படியும் பல குழந்தைகளை நாங்கள் திரும்பக் கொடுக்கவில்லை.

கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, கொடியில் எதையும் வைக்காமல் விடுவது, பிரசவத்தை மருத்துவமனைக்கு மாற்றுவது ஆகியவை சேர்ந்து அந்த அறையைக் காலி செய்தன. ஒவ்வொரு தெருவாக நடந்து, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த ஊசியைப் போட்டவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். பேறுகாலத்திலும் பச்சிளம் பருவத்திலும் வரும் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு நான் ஓய்வு பெற்றபோது, என்னோடு பணியாற்றிய இளம் செவிலியர் பலர் அந்த நோயால் ஒரு குழந்தை துடிப்பதைப் பார்த்ததே இல்லை என்றார்கள். அவர்கள் பார்க்காதது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதைச் சொற்களில் முழுமையாகச் சொல்ல முடியவில்லை.

கருவிகளைப் பற்றிக் கேட்டதால் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஊசிக் குழல்கள் கண்ணாடியால் ஆனவை. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தண்டுதான் பொருந்தும். துணியில் சுற்றிக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம். ஊசி முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்த்து, நார் சிக்கினால் முனை மடங்கிவிட்டது என்று கண்டு சாணைக் கல்லில் தீட்டுவோம். ரப்பர் கையுறைகளைக் கழுவி, காற்று ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, உலர்த்தி, பவுடர் தூவி, ஜோடி சேர்த்துக் கட்டுவோம். பிற்பகல் டியூட்டியின் பாதி நேரம் இதில் போகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசியும் கையுறையும் வந்தபோது, நோயாளிக்குத் தொற்று குறைந்தது ஒரு நன்மை. செவிலியரின் கை நோயாளிக்குத் திரும்பக் கிடைத்தது இன்னொரு நன்மை. ஆனால் அந்த நேரத்தைப் பிறகு பதிவேடுகள் எடுத்துக்கொண்டன. இது பற்றி எனக்கு வருத்தம் உண்டு.

எய்ட்ஸ் நோயாளி என்று தெரிந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. ஊசி குத்திவிடுமோ என்ற பயம். வெளியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– இறுதியாண்டு மாணவி, சேலம்

வெட்கப்பட வேண்டாம். நானும் நடுங்கியவள்தான், அதைவிட மோசமாகவும் நடந்துகொண்டிருக்கிறேன்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் எங்கள் ஊர் வார்டுக்கும் அந்த நோயோடு ஒருவர் வந்தார். லாரி ஓட்டுநர், முப்பது வயதுகூட இருக்காது. அவரைக் கடைசிக் கட்டிலுக்குத் தள்ளினார்கள். அவருடைய சாப்பாட்டுத் தட்டை ஊழியர் ஒருவர் காலால் நகர்த்தி வைத்ததை நான் பார்த்தேன். கண்டிக்க வேண்டிய பொறுப்பில் இருந்தும் கண்டிக்கவில்லை. நான் அவருக்கு ஊசி போடும்போது இரண்டு கையுறை அணிந்துகொண்டேன். அது போகட்டும். வெறும் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்க்கும்போதும் கையுறையைக் கழற்றவில்லை. தொட்டால் பரவாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே அப்படிச் செய்தேன். அவர் என் கையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் நாள் இறந்துபோனார். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்பதால் இங்கே உங்களிடம் சொல்கிறேன்.

2004இல் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய பிறகு, அப்படி வந்தவர்கள் எழுந்து நடந்து வேலைக்குப் போவதைப் பார்த்தோம். இன்று உங்கள் பயத்துக்கு மருந்து, சரியான விவரம்தான். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. மஞ்சள் காமாலை பி வகையில், தடுப்பூசி போடாதவருக்கு அந்த வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஆகவே மூன்று தவணைத் தடுப்பூசியை முடிக்காமல் வார்டுக்குள் நுழையாதீர்கள். பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடாதீர்கள். பல குத்துகள் அந்த நொடியில்தான் நேர்கின்றன. குத்திவிட்டால் பிதுக்காமல், வாயில் வைக்காமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், தவறினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் சாப்பிட வேண்டும். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் உண்மையான ஆபத்து. இன்னொன்று: யாரிடம் எந்தக் கிருமி இருக்கிறது என்பது முகத்தில் எழுதியிருக்காது. எல்லோரிடமும் ஒரே கவனம் காட்டப் பழகிவிட்டால், ஒருவரிடம் மட்டும் கை நடுங்காது.

என் மகளைப் பட்டப்படிப்பில் சேர்ப்பதா, பட்டயப் படிப்பில் சேர்ப்பதா?
– தந்தை, பெரம்பலூர்

அவர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து, நான்காண்டுச் செலவை உங்களால் தாங்க முடியுமானால் பி.எஸ்சி. நர்சிங்கில் சேருங்கள். முடியாவிட்டால் மூன்றாண்டுப் பட்டயம் குறைவானது அல்ல. அதை முடித்துப் பணியில் இருந்துகொண்டே பின்னர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர். எதில் சேர்த்தாலும், அந்த நிறுவனத்துக்கு மாநிலச் செவிலியர் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். அதோடு சொந்த மருத்துவமனையோ, மாணவிகள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையோ உண்டா, அதில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இரவுப் பணியையும் குழந்தைகளையும் எப்படிச் சமாளித்தீர்கள்?
– செவிலியர், நாகர்கோவில்

நான் மட்டும் சமாளிக்கவில்லை. என் மாமியார் சமாளித்தார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். என் டியூட்டி அட்டவணை மட்டும் அவருக்கு அத்துப்படி. ஆசிரியராக இருந்த என் கணவர் சமைத்தார். அதை அக்கம்பக்கத்தார் பேசியபோது காதில் வாங்கவில்லை. இவ்வளவு இருந்தும், என் மகள் ஐந்தாம் வகுப்பில் எழுதிய கட்டுரையில் "என் அம்மா பகலில் தூங்குவார்" என்ற வரியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வீட்டு ஆதரவு இல்லாத செவிலியர்களுக்கு நான் அறிவுரை சொல்லத் தகுதியற்றவள். ஆனால் பொறுப்பில் இருப்பவர்களிடம் சொல்வேன். பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் கழகத்தின் அளவுகோல். என் பணிக்காலத்தில் ஒரே ஓர் இரவில்கூட நான் அந்த அளவைப் பார்த்ததில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்கும் பெண்ணுக்கு, மாற்று ஆள் இல்லை என்று மறுக்க வேண்டிய நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும் செவிலியர்களை நிரந்தரமாக்கி, காலியிடங்களை நிரப்புவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நோயாளியின் நிலை சரியில்லை என்று சொன்னால் பணி மருத்துவர்கள் சில சமயம் காதில் வாங்குவதில்லை. நாம் சொல்வதற்கு மதிப்பு வர என்ன செய்ய வேண்டும்?
– பணியில் சேர்ந்து ஈராண்டான செவிலியர், கடலூர்

"என்னவோ சரியில்லை, டாக்டர்" என்று நானும் பலமுறை சொல்லிப் பலமுறை தோற்றிருக்கிறேன். அந்த உணர்வு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; ஆனால் கேட்பவர் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. தொண்ணூறுகளில் ஓர் இரவில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன்.

சிசேரியன் முடிந்து மாலையில் வார்டுக்கு வந்த இளம்பெண். கட்டுத் துணியில் இரத்தம் இல்லை, இரத்த அழுத்தம் 110க்கு 70, எல்லாம் ஒழுங்கு. எட்டு மணிக்கு நாடி 84. பத்து மணிக்கு 96. அவர் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அமைதியில்லாமல் படுத்திருந்தார். பணி மருத்துவரை அழைத்தேன். அழுத்தம் சரியாக இருக்கிறது, வலியினால் அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்று அவர் முப்பது மணி நேரமாகத் தூங்கவில்லை. நான் ஒவ்வொரு பதினைந்து நிமிடமும் நாடி, மூச்சு, அழுத்தம், சிறுநீரின் அளவு நான்கையும் நேரத்தோடு எழுதத் தொடங்கினேன். பதினொன்றேகாலுக்கு நாடி 112, மூச்சு 26, ஒரு மணி நேரத்தில் வந்த சிறுநீர் 20 மில்லி; அழுத்தம் அப்போதும் 104க்கு 70. இளவயதினரின் உடல், உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் கடைசி வரை அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். நாடிதான் முதலில் சொல்லும் என்று படித்திருந்தேன். மருத்துவரை மறுபடி அழைத்து, இந்த முறை என் கருத்தைச் சொல்லாமல் அந்தத் தாளை நீட்டினேன். அவர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். பிறகு அவரே மூத்த மருத்துவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் மறுபடி அறுவை அரங்குக்குப் போன அந்தப் பெண், ஒன்பதாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்.

இப்போது இதற்கு ஒரு முறையே வகுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: இப்போது என்ன நிலை, இதற்குமுன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன், இந்த நான்கையும் இந்த வரிசையில் சொல்வது. நல்ல முறை. அதில் நான்காவதைச் சொல்லத் தயங்காதீர்கள். "நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்று நேராகச் சொல்லுங்கள், வர மறுத்தால் அழைத்த நேரத்தையும் கிடைத்த பதிலையும் குறிப்பில் எழுதிவிட்டு, அடுத்த நிலையில் உள்ளவரை அழையுங்கள்.

குறிப்பில் "நோயாளி நன்றாக உறங்கினார்" என்ற வரியை, அவர் உறங்கியதை நீங்கள் பார்க்காமல் எழுதாதீர்கள். வெப்பநிலை, நாடி, மூச்சு எழுதும் தாள்களை மேற்பார்வைக்காகப் புரட்டிய ஆண்டுகளில், பல வார்டுகளில் எல்லா நோயாளிக்கும் மூச்சு 20 என்றே எழுதியிருந்ததைக் கண்டிருக்கிறேன். நாற்பது பேர் ஒரே எண்ணிக்கையில் மூச்சு விடுவதில்லை. நாளைக் காலை டியூட்டிக்குப் போகும்போது, கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காமல், உங்கள் வார்டில் நிலை மோசமாக உள்ள இரண்டு பேருக்காவது நாடியை முழு நிமிடம் எண்ணுங்கள். மணிக்கட்டிலிருந்து கையை எடுக்காமல், அவர்களுக்குத் தெரியாதபடி, அடுத்த முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எண்ணியதை நேரத்தோடு எழுதுங்கள்.